மதிலின் கண்ணுக்கு ஒரு பொட்டு

விஜயதசமி விடுமுறையில் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. ஷிப்டு போட்டுவிட்டதால் வருகிறவர்கள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வருகிறவர்கள். திருநெல்வேலிக் கடல்மதில் கண்காணிப்பு மையத்தில் அன்று காலை முதல் வகைக்கு ஜெசிமா இருந்தாள். இரண்டாம் வகைக்கு இசக்கி.

இசக்கிக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. மேசையைக் காலி செய்ய வந்ததாக ஜெசிமாவிடம் சொன்னாள். அது பாதி உண்மைதான். மீதிக்கு, ஒரு கோட்டை ஆசைதீரப் பார்க்க வந்திருந்தாள். அறுபதை நெருங்கும் பொம்பளை ஒரு கோட்டைப் பார்க்க விடுமுறையில் பஸ் ஏறி வந்தாள் என்றால் சிரிக்க மாட்டார்களா? அதனால் வெளியே சொல்லவில்லை.

கோடு கருங்கால்துறை மதிலுடையது. கடல் ஏறிவந்து கரையோர ஊர்களை விழுங்கத் தொடங்கிய காலத்தில் கட்டிய மதில்களில் அது ஒன்று. மதிலுக்குள் உச்சியிலிருந்து அடிவரை ஒரு குழி உண்டு. குழியின் அடியில் ஒரு விளக்கு, உச்சியில் ஒரு கண்ணாடி. மதில் மயிரிழை சாய்ந்தாலும் கண்ணாடியில் விழும் வெளிச்சம் இடம் மாறும். அந்த மாற்றம்தான் மையத்தின் திரையில் கோடாக ஓடும். அங்கே வேலை பார்த்தவர்கள் அந்தக் கண்ணாடியைக் கண் என்றுதான் சொல்வார்கள். கோடு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் மதிலின் நிழலில் இருக்கும் மதிலடி என்ற ஊர் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக் குடியிருப்புக்குப் போய்விட வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

அந்த மதிலின் கதவுகளைத் திறந்து மூடும் எந்திர அறைக்குக் கதவுவீடு என்று பெயர். இசக்கியும் ரெமிஜியுஸ் மச்சாதுவும் இளமை முழுக்க அங்கேதான் கழித்தார்கள். இருவரும் பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பு. ரெமிக்கு மதிலடிதான் சொந்த ஊர். அவன் மனைவி செலின் இரண்டு பேருக்கும் சேர்த்தே சோறு கட்டி அனுப்புவாள். இசக்கி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், செலின் சமைக்கிறாள், ரெமி சண்டை போடுகிறான், இனி புதிதாக ஒருத்தன் எதற்கு என்பாள்.

ஆயுத பூஜை வந்தால் கதவுவீடு கல்யாண வீடாகிவிடும். கதவுச் சக்கரம், ஜெனரேட்டர், ஸ்பேனர், திரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். இதில் இசக்கியைவிட, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனான ரெமிக்குத்தான் உற்சாகம் அதிகம். பொரிகடலை வாங்கி வருவதும் அவன், பூசணிக்காய் உடைப்பதும் அவன். எல்லாம் முடிந்ததும் குழியின் இரும்புக் கதவைத் திறந்து, கண்ணின் ஓரத்திலும் கட்டைவிரலால் ஒரு தீற்றுத் தீற்றுவான்.

"ஏ ரெமி, அது கண்ணாடில. வெளிச்சத்த மறைக்கும்."

"எல்லாத்துக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்கலன்னா கண்ணு கோவிச்சுக்கிடும்லா. வருசம் பூரா முழிச்சுக் கெடக்கு, பாவம்."

உடனே கோடு ஒரு விரற்கடை இறங்கும். மையத்திலிருந்து போன் வரும். "சந்தனம் சார்" என்பான் ரெமி. அந்தப் பக்கம் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை துடைப்பது இசக்கியின் வேலை. வைப்பவன் அவன், துடைப்பவள் இவள். ஒருவரும் வகுக்காத இந்த வேலைப் பிரிவினை ஒரு வருஷம்கூட மாறியதில்லை. முதலில் காய்ந்த பஞ்சால் துடைப்பாள், பாதி போகும். அப்படியே நின்று ரெமியைத் திட்டுவாள். திட்டி முடித்ததும் துப்பட்டா நுனியைத் தண்ணீரில் நனைத்து மீதியைத் துடைப்பாள்.

அதெல்லாம் பழைய கதை. ஏழு வருஷத்துக்கு முன்னால், பூஜை அன்று இரவே இசக்கியின் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. புயல் வேறு. விடியுமுன் நிவாரண ஜீப்பில் இடம் பிடித்து ஊருக்குப் போனாள். காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது ரெமி அவள் முகத்தைப் பார்க்காமலே, "இங்க ரெண்டு பேருக்கு வேலை இல்ல, நீ திருநெல்வேலிக்கு மாத்தல் கேளு" என்றான். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று அவளும் வீறாப்பாகக் கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் செலின் இறந்த செய்தி கேட்டுப் போனாள். கூட்டத்தில் ரெமி அவளைக் கண்டும் காணாதவன் போல நின்றான். அழக்கூடத் தோன்றாமல் திரும்பி வந்தாள்.

கதவுவீட்டில் இப்போது ஊழியர்கள் இல்லை, எல்லாம் தானியங்கி. ரெமி மட்டும் காவலுக்கு என்று தங்கியிருந்தான். ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் மாலையில் கோடு ஒரு விரற்கடை இறங்கும். படுபாவி, தனியாக இருந்தும் வைக்கிறான் பார் என்று இசக்கி மனசுக்குள் சிரித்துக்கொள்வாள். பேச்சு நின்றுபோன நண்பனிடமிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் நலம் விசாரிப்பு அது. நேற்றும் வந்தது. பார்த்து மகிழ்ந்து வீட்டுக்குப் போனாள்.

இன்று பார்க்க வந்தது அந்த இறக்கத்தைத்தான். ஆனால் அவள் உட்கார்ந்த நேரம், திரையில் கோடு ஏறத் தொடங்கியது. பாதி ஏறி நின்றது. கொஞ்சம் சமமாக ஓடியது. பிறகு மீதியும் ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது.

இசக்கி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அவள் இறக்கத்தை மட்டுமே பார்த்து வந்திருக்கிறாள். அது அவனுடைய கை. மறுநாள் விடுமுறை என்பதால் ஏற்றத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. காய்ந்த பஞ்சு, நடுவில் ஒரு சமதளம், பிறகு ஈரத் துணி. அந்தச் சமதளம் அவள் ரெமியைத் திட்டும் நேரம். அந்த ஏற்றம் அவளுடைய கை.

அவளோ இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா, மேலுக்கு முடியலையா? மொகமெல்லாம் வேர்த்திருக்கு" என்றாள் ஜெசிமா.

"ஒண்ணுமில்ல. கருங்கால்துறையில எச்சரிக்கை எதுவும் வந்திருக்கா?"

"அங்கயா? ஏழு வருசமா ஒண்ணு வந்ததில்ல. தங்கமான மதில்."

இசக்கி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் கருங்கால்துறையில் இறங்கினாள். மதிலடிக்குள் நுழைந்ததும் வறுத்த கருவாட்டு வாசனை அடித்தது. குழந்தைகள் மதில் சுவரிலேயே ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு பந்து இசக்கியின் காலடிக்கு வந்தது. எடுத்துப் போட்டாள். கோடு பொய்யென்றால், இந்தச் சுவர் எந்த நிலையில் நிற்கிறது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அடைமழைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

ரெமி கதவுவீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க நரைத்து, ஆள் பாதியாகியிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வா" என்றான்.

"நேத்து கண்ணுக்குச் சந்தனம் வச்சியால?"

அவன் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினான்.

"வச்சத விடு. இன்னைக்குக் காலைல யாரு துடைச்சா? பஞ்ச வச்சுத் துடைச்சு, நின்னு ஒன்னையத் திட்டி, பெறகு துப்பட்டாவ நனைச்சுத் துடைச்சது யாரு? என் கை எப்பிடில இங்க வந்துச்சு?"

ரெமி உள்ளே போனான். அவளும் போனாள். திரைக்குப் பின்னால் தூசி படிந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதை அவளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து செய்ததுதான். எச்சரிக்கை மணி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு பொய்மதில். அலை எவ்வளவு, கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, உண்மையான மதில் எப்படி அசையுமோ அதே மாதிரி கோடு போடும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று இசக்கி பிடிவாதம் பிடித்தாள். அப்படியானால் இதுவும் வேண்டும் என்று ரெமி ஆயுத பூஜையையும் விளையாட்டாக உள்ளே சேர்த்துவிட்டான். பஞ்சாங்கத்தைப் பார்த்து அதுவே பொட்டு வைத்துக்கொள்ளும், மறுநாள் இசக்கி செய்வதைப் போலவே பாதியில் நின்று துடைத்துக்கொள்ளும்.

"அப்ப இந்த ஏழு வருசமும் மையத்துக்குப் போனது இதுதானா?"

"ம்."

"இதச் செஞ்சப்ப நாம ரெண்டு பேரும் சேந்து கட்டுரையில என்னத்த எழுதினோம், ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"மறக்குமா" என்றான் ரெமி. "மதிலுக்கு நாம சொல்லுதத ஒருத்தன் ஒட்டுக் கேட்டு, மதில் நமக்குச் சொல்லுததையும் அவனே சொன்னாம்னா, எந்த மணியாலயும் அவனப் புடிக்க முடியாது. மணிய எம்புட்டு நல்லா செஞ்சாலும் முடியாது. அது மணியோட குத்தம் இல்ல. அதுக்குப் பாக்கக் கெடைக்கதே அவன் காட்டுததுதான?"

"அத எழுதினது திருட்டு எங்க நடக்கும்னு காட்டதுக்கு. நீ திருடதுக்கா?"

அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அந்தப் புயல் விடிஞ்ச அன்னைக்கு வந்து பாக்கேன், கோடு எல்லைக்குக் கீழ கெடக்கு. மதில் சாஞ்சுட்டு. புயல்ல தொலைபேசி, கம்பி எல்லாம் அத்துப்போயிருந்ததுனால மையத்துக்கு இன்னும் போகல. அனுப்பினா மறுநாளே ஊரக் காலி பண்ணிருவான். செலின் படுத்த படுக்கையா இருந்தா. டாக்டரும் கைய விரிச்சிட்டாரு. 'கடல் சத்தம் கேக்காத வீட்டுல என்னைய சாவ விட்டுராதிய'ன்னு மட்டும் கேட்டா. வேற எதுவுமே கேட்டதில்ல இசக்கி, என் கூட வாழ்ந்த காலத்துல. ஒரு வருசம் மறைச்சாப் போதும்னு நெனச்சேன். பெட்டிய மாட்டுனேன்."

"என்னைய ஏன்ல வெரட்டுன?"

"நீ இருந்தா ஒரே வாரத்துல கண்டுபுடிச்சிருவ."

ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்த முள் அது. பிடுங்கியதும் வலி போகவில்லை, கூடியது. அவள் கேட்டாள்.

"செலின் போயி அஞ்சு வருசமாச்சே. அப்பவாவது சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா, ரெண்டு வருசம் எல்லாரையும் சாவு வாயில வச்சிருந்தியான்னு கேப்பான். அந்தக் கேள்வி வருசா வருசம் பெருசாயிக்கிட்டே போச்சு. அடைமழைக்கு மதில் மேலதான் படுப்பேன். போனா மொதல்ல நான் போகணும்னு."

"பெரிய தியாகி!" இசக்கிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நீ மொதல்ல போனா, பின்னால வாரவன் பொழைச்சுக்கிடுவானா? வெளிய புள்ளைய பந்து வெளையாடுது. நானூறு குடும்பத்துக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிட்ட. அதுல ஒருத்தருட்டயாவது கேட்டியா?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்கு அவனை அடிக்கவும் வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல் இருந்தது.

"அது சரி, எல்லாத்தையும் யோசிச்சவன், பூஜைய மட்டும் ஏன் பொய்மதில்ல விட்டு வச்ச? அதனாலதான மாட்டுன?"

"எடுக்கத்தான் ஒக்காந்தேன்." விரல்களுக்கு இடையில் அவன் குரல் வந்தது. "இறக்கத்த அழிக்கணும்னா ஏத்தத்தையும் அழிக்கணும். நீ நின்னு திட்டுத அந்த எடம் இருக்குல்லா... ஒன்னையும் அனுப்பியாச்சு, செலினும் படுக்கையில. அதயும் அழிச்சிட்டு இங்க நான் மட்டும் என்னத்துக்கு ஒக்காந்திருக்கதுன்னு விட்டுட்டேன்."

இசக்கி போய்ப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி, கண்ணிலிருந்து வரும் கம்பியை அதன் பழைய இடத்தில் செருகினாள்.

திரையில் கோடு பொத்தென்று விழுந்தது. எல்லையைத் தாண்டிக் கீழே போய் அங்கேயே ஓடியது. தலைக்குமேல் மணி அலறியது. கூடவே இசக்கியின் போனும் அடித்தது.

"அக்கா, கருங்கால்துறை மதில் சாஞ்சிட்டு!" ஜெசிமாவுக்குக் குரல் கிறீச்சிட்டது. "மதிலடியக் காலி பண்ணச் சொல்லவா?"

ரெமி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"சொல்லு" என்றாள் இசக்கி. "வண்டிய வரச் சொல்லு. நான் இங்கதான் இருக்கேன். லைன்லயே இரு, பாத்துட்டுச் சொல்லுதேன்."

அலமாரியில் கொத்தனார்களின் தூக்குக்குண்டு கிடந்தது. கட்டி முடித்த அன்று மதில் நேராக நின்றதற்குச் சாட்சியாக, உட்பக்கச் சுவரில் மேலே ஒரு ஆணியும் அடியில் ஒரு கீறலும் விட்டுப்போயிருந்தார்கள். ஆணியில் நூலைக் கட்டிக் குண்டை இறக்கினால், அது கீறலுக்கு நேரே நிற்க வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு சாய்வு. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

"இத ஒரு தடவையாவது போட்டுப் பாத்தியா?"

"பயமா இருந்துச்சு."

கட்டி வந்ததை ஆஸ்பத்திரியில் காட்டாமல் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. ரெமி அந்த ரகம். இசக்கி நூலை விட்டாள். குண்டு ஆடிக்கொண்டே இறங்கியது. ரெமி கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. கீழே பந்து ஆடிய குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அவள் படி இறங்கி, குண்டின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

குண்டின் முனை கீறலின்மேல் நின்றது.

"ரெமி," என்று மேலே பார்த்துக் கத்தினாள், "மதில் நேராத்தான்ல நிக்கி!"

அவன் தட்டுத்தடுமாறி இறங்கி வந்து, முழங்காலிட்டு, விரலால் தொட்டே பார்த்தான். "அப்பம் கோடு?"

அவர்கள் எழுதிய கட்டுரையின் இன்னொரு பாதி அப்போது இசக்கிக்கு நினைவு வந்தது. முதல் பாதியைப் படித்துப் பாராட்டியவர்கள் ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மதில் பழுதா கண் பழுதா என்று ஒருநாளும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே கோடுதான்.

மேலே ஓடி, குழியின் இரும்புக் கதவை இழுத்தாள். துருப்பிடித்துக் கிடந்தது. கோடு சுத்தமாக இருக்கும்போது அதைத் திறக்க யார் வருவார்கள்? இருவரும் சேர்ந்து இழுத்ததும் திறந்தது. கண்ணாடியின் ஓரத்தில் வைத்த சந்தனம் சாரலில் கரைந்து, பாதிக் கண்ணை மூடும் அளவுக்கு வழிந்து, உப்போடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. மேல் விளிம்பில் ரெமியின் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது.

"நீ துடைச்சிட்டுப் போகலையா?" என்றான் ரெமி.

"அம்மா போன சேதி கேட்டு ஓடுனேன்... நீ துடைச்சிருப்பேன்னு..." என்றாள் இசக்கி.

"நான் என்னைக்குத் துடைச்சிருக்கேன்?" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. சாயாத மதிலுக்காக அவன் ஏழு மழைக்காலம் தூங்கவில்லை. ஊரைப் பிடித்து மரணத்தின் வாயில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, தெருவில் ஒரு குழந்தையின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இருந்த ஒரே சிநேகிதியை விரட்டினான். எல்லாம் அவன் கட்டைவிரலால் வைத்த ஒரு பொட்டு.

இசக்கி பஞ்சை எடுத்து அழுத்தித் துடைத்தாள். மேலோடு பெயர்ந்து உதிர்ந்தது.

"அக்கா, ஏறுது!" போனில் ஜெசிமா கூவினாள். "அய்யோ, பாதியில நின்னுட்டு."

பழக்கதோஷத்தில் இசக்கி திட்டுவதற்குத் திரும்பினாள். எத்தனை தடவை சொல்லியிருக்கேன் என்று தொடங்கும் அந்தப் பழைய திட்டு தொண்டைவரை வந்தது. கீழே உட்கார்ந்திருந்த நரைத்த தலையைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை.

"திட்டுட்டி" என்றான் ரெமி. "கேட்டு எம்புட்டு நாளாச்சு."

அவளால் திட்ட முடியவில்லை. வருஷா வருஷம் அந்த இறக்கத்தைப் பார்த்துச் சிரித்தவள், ஒரே ஒரு வருஷம் பஸ் ஏறி வந்து கதவைத் தட்டியிருந்தால் போதும். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. பிறகு துப்பட்டா நுனியைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடி பளிச்சென்று ஆகும்வரை துடைத்தாள். மணி ஓய்ந்தது. திரையில் கோடு இரண்டாவது படியும் ஏறி, தன் பழைய இடத்தில் ஓடத் தொடங்கியது. நடுவில் இருந்த சமதளம் மட்டும் இந்தத் தடவை ரொம்ப நீளம்.

"சரியாயிட்டுக்கா! வண்டிய நிறுத்தச் சொல்லிருதேன். என்னது அது?"

"சந்தனம்."

"சந்தனமா? அப்ப இத்தன வருசமா வந்த கோடு?"

ரெமி அதற்குள் எழுந்து நின்றிருந்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினான். அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இசக்கி போனை அவனிடம் கொடுத்தாள்.

"நான் ரெமிஜியுஸ் மச்சாது பேசுதேன்" என்றான் அவன். "எழுதிக்கிடுங்க, சொல்லுதேன்."